நான் சோற்றில் கலந்த பொடி

என் வீட்டுக்காரருக்கு நான்கு மாதம் சோற்றில் பொடி கலந்து கொடுத்தேன். அவருக்குத் தெரியாமல் கொடுத்தேன். நான் அதிகம் பேசாதவள். விசேஷ வீட்டுப் பந்தியில் இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்கக் கூச்சப்பட்டுத் தாகத்தோடு எழுந்து வருகிற ஆள். பத்தாவது வரைக்கும் படித்திருக்கிறேன். இதை ஒருவர் முகத்தைப் பார்த்து முதலிலிருந்து கடைசி வரை சொல்ல என்னால் ஆகாது. அதனால் எழுதுகிறேன்.

பல்லடத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். வீட்டுக்குப் பின்னால் கறிக்கோழி ஷெட். கம்பெனிக்காரர்கள் குஞ்சு கொண்டுவந்து இறக்குவார்கள், தீவனமும் அவர்களே கொடுப்பார்கள். நாற்பது நாள் வளர்த்துக் கொடுத்தால் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். கோழி பெருக்கப் பெருக்க நாற்றமும் பெருகும். கண்ணைக் கரிக்கும், தலைமுடியில் ஏறிக்கொள்ளும். வந்த புதிதில் குமட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு வருடத்தில் மூக்கு அதை விட்டுவிட்டது. இப்போது ஷெட்டுக்குள் நின்றுகொண்டே டீ குடிப்பேன்.

மூக்கு விடாத நாற்றம் ஒன்று உண்டு. வீட்டுக்காரர் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோழிக்குத் தண்ணீர் பார்த்துவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு சாராயக் கடைக்குப் போவார். ஏழு மணிக்கு மேல் திரும்புவார். அடிக்க மாட்டார். "அடிக்கிறானா? வையறானா? அப்பறம் என்ன?" என்று அதைச் சொல்லியே எல்லோரும் என் வாயை அடைத்தார்கள். அடிக்க மாட்டார்தான். பக்கத்தில் வந்து உட்கார்ந்து கொஞ்சுவார். புளித்த மூச்சை என் கழுத்தில் விட்டுக்கொண்டு, "என்ற தங்கமல்லோ நீ" என்பார். அடித்திருந்தால்கூட இவ்வளவு அருவருப்பாக இருந்திருக்காது என்று நினைத்த நாட்கள் உண்டு. வாய்க்கால் மேட்டில் மொபெட் திரும்பும் சத்தம் கேட்டதுமே என் வயிறு சுருங்கிக் கல்லாகிவிடும். காலையில் பால்காரர் அதே மாதிரி வண்டியில் வருவார். அந்த மனிதர் பச்சைத் தண்ணீர் மாதிரி, ஒரு சொட்டுக் குடிக்காதவர். அவர் வண்டிச் சத்தத்துக்கும் வயிறு சுருங்கும்.

ஒரு சமயம் அவருக்குக் கால் வீங்கியது. பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், ஈரல் கெட்டுக்கொண்டிருக்கிறது என்றார். இப்படியே குடித்தால் ஆள் தங்க மாட்டார், குடியை விட வைக்கத் தனி வார்டே இருக்கிறது, ஆனால் அவராக ஒப்புக்கொண்டு வர வேண்டும் என்றார். வெளியே வந்ததும் இவர், "நான் என்ன பைத்தியமா, வார்டுல போய்ப் படுக்க?" என்றார். அன்று சாயங்காலமே கடைக்குப் போனார். ஆளைப் பறிகொடுத்துவிடுவேன் என்கிற பயம் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது. அவர்மேல் எனக்கு எவ்வளவு வெறுப்பு இருந்ததோ அவ்வளவு பயமும் இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். இருந்தது.

அவருடைய அக்கா அன்னூரில் இருக்கிறார். நங்கையா என்று கூப்பிடுவேன். அவர்தான் பஸ்ஸின் முதுகில் ஒட்டியிருந்த ஒரு காகிதத்தைப் பார்த்து நம்பரை எழுதிக்கொண்டு வந்தார். குடியை நிறுத்தும் மருந்து, குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம் என்று அதில் போட்டிருந்ததாம்.

"நீ பேசவே மாட்டியே, அதுனால உனக்கு ஏத்த மருந்து இதுதான் அம்மிணி" என்றார் நங்கையா.

"ஏனுங்க நங்கையா, ஒண்ணும் ஆயிராதுங்களே?"

"ஆகட்டுமே. வயித்தக் கலக்குனா நல்லதுதான். அவனென்ன கோயில் தீர்த்தமா குடிக்கறான்?"

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி வாசலில் வந்து கொடுத்தான் அந்த நம்பரில் பேசிய ஆள். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு, கக்கத்தில் ஒரு ரெக்சின் பை. மாத்திரைக் கவரில் பொட்டலம் பொட்டலமாகப் பழுப்புப் பொடி.

"ஒரு சிட்டிகை போதுமுங்க. சாப்பாட்டுல கலந்து போடுங்க. குடிச்ச உடம்புல இது எறங்குச்சுன்னா குடலப் பொரட்டி எடுத்துப்போடும். நாலு தடவ வாந்தி எடுத்தாருன்னா அஞ்சாவது தடவ பாட்டலைப் பாத்தாலே ஓடுவாரு பாருங்க."

"குடிக்காத நாள்ல?"

"குடிக்காத நாள்ல இது வெறும் சத்து மாவு மாதிரிங்க, அக்கா" என்று சிரித்தான்.

அந்த ஆளின் சிரிப்பு இப்போது ஞாபகம் வந்தாலும் துப்ப வேண்டும் போல இருக்கிறது. ஆனால் பொட்டலத்தைக் கை நீட்டி வாங்கியது நான்தான்.

எதில் கலப்பது என்பதுதான் யோசனை. பொடியில் பூண்டு அழுகின மாதிரி ஒரு வாடை. காலையில் அவர் வீட்டில் சாப்பிடுவதில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போய் வெளியே எங்காவது தின்பார். மத்தியானம் ஷெட் வேலையில் கிடைத்ததைத் தின்பார். உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவது கடைக்குப் போய்வந்த பிறகு, அந்த ஏழரை மணிச் சோறு ஒன்றைத்தான். அதிலும் அவருக்கு அரிசிம்பருப்புச் சோறு இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் தட்டிப் போட்டுக் குழைய விட்டு, நெய் ஊற்றி வைத்தால் எந்த வாடையும் அமுங்கிவிடும். அவருக்குப் பிடித்த சோறாகப் பார்த்து, என் கையால், சூடாகப் போட்டுக் கலந்தேன். கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டதாக அன்றைக்கு நினைத்தேன்.

முதல் நாள் சாப்பிட்டு அரை மணி நேரத்தில் வேப்ப மரத்தடிக்கு ஓடினார். எடுத்தார், எடுத்தார், மஞ்சள் தண்ணீர் வரும் வரைக்கும் எடுத்தார். மூக்கு வழியாகப் பருக்கை வந்தது. நான் சொம்பில் தண்ணீரோடு பக்கத்தில் நின்றேன், முதுகைத் தடவிக் கொடுத்தேன். தடவிக்கொண்டே உள்ளுக்குள், நல்லா எடு என்றேன். மண் அள்ளிப் போட்டு மூடியதும் நான்தான். நாய் வந்து அதைக் கிளறியது, அதையும் விரட்டினேன்.

நாலைந்து நாளுக்கு ஒரு தரம் கொடுத்தேன். ஒவ்வொரு தரமும் அதே வேப்ப மரம்.

ஆனால் அவர் பாட்டிலைப் பார்த்து ஓடவில்லை. "கடைல போலிச் சரக்கு ஓட்டறானுங்க" என்று வேறு சரக்குக்கு மாறினார். பிறகு கடையையே மாற்றி, இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்க் குடித்துவிட்டு வந்தார். சோற்றைப் பார்த்தால்தான் அவர் முகம் மாறியது. தட்டின் முன்னால் உட்கார்ந்து, வெறுமனே பிசைந்துகொண்டிருப்பார். "எனக்கு என்னமோ ஏறல புள்ள" என்பார். கடைக்குப் பக்கத்திலேயே பரோட்டா சாப்பிட்டுவிட்டு வர ஆரம்பித்தார். அப்படிச் சாப்பிட்டு வந்த நாளில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் இருப்பதற்குக் காரணம் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

சாராயக் கடைகளுக்கு அரசாங்கம் லீவு விட்ட ஒரு நாள் வந்தது. இவர் முன்கூட்டியே வாங்கி வைக்கிற ஆள் இல்லை. அன்று பகல் பூராவும் கை நடுங்கிக்கொண்டு, வாசலுக்கும் ஷெட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். சாயங்காலம், "போட்டு வை, சாப்பிடறேன்" என்றார். குடிக்காத உடம்புக்கு அது சத்து மாவுதானே என்று கொஞ்சம் கூடவே போட்டேன். நாலு வாய் சாப்பிட்டார். வாசப்படி தாண்டுவதற்குள் எடுத்துவிட்டார். என் புடவையிலும் பட்டது.

சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இன்னிக்கு நான் ஒரு சொட்டுத் தொடலையே புள்ள" என்றார். சின்னப் பையன் மாதிரி இருந்தது அந்தக் குரல்.

குடியோடு சேர்ந்து வேலை செய்கிற மருந்து ஒன்றும் இல்லை அது. வெறும் வாந்திப் பொடி. அந்த நிமிஷத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "பருப்பு பழசுங்க. வண்டு உழுந்திருக்கும்."

அதற்குப் பிறகாவது நிறுத்தினேன் என்று நினைக்கிறீர்களா? இன்னும் மூன்று தரம் கொடுத்தேன். ஏதோ ஒரு நாள் பலிக்கும் என்று.

எங்கள் மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு முன்னால் விடுமுறை விட்டு வீட்டுக்கு வந்திருந்தாள். கூடத்தில் நடந்துகொண்டே சத்தமாகப் படிப்பாள். தூண்டல், துலங்கல், ஆக்கநிலையுறுத்தம் என்று வாயில் நுழையாத வார்த்தைகள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன கண்ணு அது, மந்திரமாட்ட?"

"கற்றல் உளவியலுங்மா. வெளிநாட்டுல ஒரு டாக்டர் நாய் வெச்சு ஆராய்ச்சி பண்ணியிருக்காரு. சோறு போடறதுக்கு முன்னால தினமும் ஒரு மணி அடிக்கறாரு. கொஞ்ச நாள் கழிச்சுச் சோறே இல்லாம மணி மட்டும் அடிச்சாலும் நாய்க்கு எச்சி ஊறுது."

"இதுக்கு எதுக்கு வெளிநாடு போகோணும்? தீவன வாளி கிணுங்குனாப் போதும், நம்ம கோழி ரெண்டாயிரமும் ஓடி வருது. வாளி காலியா இருந்தாலும் வருது."

அவள் சிரித்தாள். "அதேதானுங்மா. உங்களுக்கே பட்டம் குடுத்தரலாம்."

எனக்கும் சிரிப்பு வந்தது. பேச்சுவாக்கில் கேட்டேன். "மொதல்ல சோத்தப் போட்டுப்போட்டு அப்பறம் மணி அடிச்சா?"

"அப்படி அடிச்சா நாய் ஒண்ணும் கத்துக்காதுங்மா. மணி முன்னால வரோணும். முன்னால வர்றதுதான் பின்னால வர்றதுக்கு அடையாளம்."

கத்தி அப்படியே நின்றது. அவள் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே, "இதுல இன்னொண்ணு இருக்குது, பாருங்க" என்றாள். "எலிக்குப் புதுச் சுவையா ஒண்ணக் குடுத்து, கொஞ்ச நேரங்கழிச்சு ஒடம்பு கெட்டுப்போற மாதிரி பண்ணுனா, ஒரே தடவைல அந்தச் சுவை ஆகாமப் போயிருமாம். மணி மாதிரி பல நாள் அடிக்க வேண்டியதே இல்ல. மத்த எதையும் விட்டுப்போட்டு, வயிறு கடைசியாத் தின்னதத்தான் குத்தம் சொல்லும்."

வெங்காயத்துக்குக் கண் கலங்கியது என்று அவள் நினைத்திருப்பாள். ஐந்து மணிக்குக் குடிக்கிறார். ஏழரை மணிக்குத் தின்கிறார். எட்டு மணிக்கு எடுக்கிறார். சாராயத்தின் சுவை இருபது வருடமாக நாக்குக்குத் தெரிந்தது, எத்தனையோ நாள் அவரை ஒன்றும் செய்யாதது. புதிதாக வாடை அடித்தது என் சோறுதான். குடியை வெறுக்க வைக்கப் போய் என் கையைத்தான் வெறுக்க வைத்திருக்கிறேன். கடை அவருக்குச் சொர்க்கமாகவும் வீட்டுத் தட்டு நரகமாகவும் ஆகும்படி, முறை தவறாமல், அக்கறையோடு பாடம் நடத்தியிருக்கிறேன்.

"படிச்சது மறந்து போகுங்களா கண்ணு? அந்த எலிக்கு?"

"மெதுவாப் போகும். போன மாதிரி இருந்துட்டுத் திடீர்னு ஒரு நாள் திரும்பியும் வருமுங்மா."

மிச்சமிருந்த பொட்டலங்களை அன்றே கழிவுக் குழியில், செத்த கோழிகளைப் போடுகிற இடத்தில் போட்டேன். மறுநாள் சாயங்காலம் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினேன், பொடி இல்லாமல், சுத்தமாக. குக்கரைத் திறந்ததும் அந்த ஆவி கூடத்துக்குப் போனது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய் ஓங்கரித்தார். வயிற்றில் ஒன்றும் இல்லை, வெறும் ஓங்கரிப்பு. மகள், "அப்பாவுக்கு அதுதான புடிக்கும்?" என்று என்னைக் கேட்டாள். நான் பாத்திரத்தைக் கழுவினேன்.

அடுத்த வாரம் அவர் ஷெட்டுக்குள் விழுந்தார். வாளியோடு சாய்ந்ததில் கோழிகள் மிரண்டு ஒரு மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. கீழே கிடந்தவை நசுங்கின. அந்தச் சத்தம் கேட்டுத்தான் ஓடினேன். அவர் மேலெல்லாம் எச்சம், வாயோரம் தரையில் பரப்பியிருந்த தேங்காய் மஞ்சு. தூக்கும்போது ஆள் இவ்வளவுதானா என்று இருந்தது. நான்கு மாதத்தில் அவ்வளவு இளைத்திருந்தார்.

பெரியாஸ்பத்திரியில் அதே டாக்டர். ஈரலோடு சேர்த்து உடம்பில் உப்பெல்லாம் குறைந்து கிடக்கிறது, இவ்வளவு வாந்தி எதனால் என்று கேட்டார். கட்டிலில் இவர் கண்ணைத் திறந்து படுத்திருந்தார். ஒரு பக்கம் மகள், இன்னொரு பக்கம் அன்னூரிலிருந்து வந்த நங்கையா.

"நாட்டு மருந்து, லேகியம், ஏதாவது குடுத்தீங்களாம்மா? மறைச்சீங்கன்னா நான் குருட்டுத்தனமாத்தான் வைத்தியம் பாக்கோணும்."

நங்கையா என் முழங்கையை அழுத்திப் பிடித்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க டாக்டர். இவ ரசம் வெச்சாக்கூட மொளகு எண்ணிப் போடறவ" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பேக்கரி வாசலில் பார்த்த சிரிப்பு மாதிரியே இருந்தது. கையை உருவிக்கொண்டேன்.

"பொடி கலந்தனுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. டாக்டர், "என்னது?" என்றார். மறுபடி சொன்னேன். வார்டில் நாலு கட்டில்காரர்களும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். "சோத்துல, இவருக்குத் தெரியாம, நாலு மாசமா."

டாக்டர் வைதார். எதை அரைத்துக் கொடுத்தானோ தெரியாது, குடிக்கிறவருக்கு இப்படித் தெரியாமல் எதையாவது கொடுத்தால் உயிரே போய்விடும், உங்களுக்குத் தெரியுமா என்றார். அவர் வைதது ஒன்றும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மகள் என்னைப் பார்த்த பார்வைதான். அவளுக்கு அந்த வெங்காயம் உரித்த சாயங்காலம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒரு அடி தள்ளி நின்றுகொண்டாள்.

இவர் கத்தவில்லை. டாக்டர் போன பிறகு நங்கையாவிடம், "நான் சரக்கத்தான் சந்தேகப்பட்டேன் அக்கா. இவளை இல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த வார்டிலிருந்தே குடியை நிறுத்தும் வார்டுக்குப் போனார், அவராக ஒப்புக்கொண்டு, கையெழுத்துப் போட்டு. செத்துப் பிழைத்த பயமா, வேறு போக்கிடம் இல்லையா, எனக்குத் தெரியாது. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் மாத்திரையை நீட்டி, வீட்டில் ஒருத்தர் தினமும் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று என்னைப் பார்த்தார். "அவ கையால வேண்டாமுங்க" என்றார் இவர். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதையில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பரீட்சை முடித்து வந்திருந்த மகள் வாங்கிக்கொண்டாள்.

இரண்டு வருடம் ஆகப் போகிறது. நடுவில் ஒரு தரம் தவறினார், மறுபடி போய்ப் படுத்து வந்தார். இப்போது குடிப்பதில்லை. கால் வீக்கம் வடிந்துவிட்டது. ஆள் தங்கிவிட்டார். சொந்தக்காரர்கள் வந்தால், "உன்ற பொறுமைதான் அம்மிணி அவனைத் திருத்துச்சு" என்கிறார்கள். அதைக் கேட்கும்போது வாயில் அந்தப் பூண்டு வாடை வருகிறது. இவர் மறுத்துச் சொல்வதில்லை. தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். அது எனக்குச் செய்கிற தயவா, தண்டனையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

வீட்டில்தான் சாப்பிடுகிறார். ஆனால் முதல் வாய் நான் சாப்பிட வேண்டும். அவர் இதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று தட்டை முன்னால் வைத்தேன். அவர் தொடாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து அவர் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன். என் தொண்டை இறங்குவதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு கையை வைத்தார். அன்றிலிருந்து மூன்று வேளையும் அப்படித்தான். இட்லியானாலும் ஒரு விள்ளல், மோரானாலும் ஒரு மிடறு. நானும் ஒரு நாள்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. அவர் பார்வை என் கழுத்தில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம் கூசும். அவர் கையை வைத்ததும் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியை நினைத்தால் அதைவிடக் கூசும்.

போன மாதம் நங்கையாவின் பேத்திக்குக் காதுகுத்து. பந்தியில் என்னை மட்டும் முதலில் உட்கார வைத்துவிட்டார்கள். இவர் வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். இலையில் எல்லாம் வைத்தாயிற்று. ஒரு வாய் எடுத்துப் போட்டேன், முழுங்கினேன். கை இலைமேலேயே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பசி இருந்தது. கை மட்டும் எழும்பவில்லை. தலையை நிமிர்த்தி, வீட்டில் அவர் கை வைக்கும் வரை பார்ப்பது போல, எதிரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பரிமாறுகிற பெண் குனிந்து, "ஏனுங்கக்கா, உப்புப் பத்தலீங்களா?" என்றாள்.

"இல்லீங்க, இருக்குதுங்க" என்றேன். அப்புறமும் கை எழும்பவில்லை.